சிப்பி வளரும் கடலைச் செப்டிக் கழிவிலிருந்து காப்பது எப்படி? பியூஜெட் சவுண்ட் கவுண்டிகளின் அனுபவத்திலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகரை ஒட்டி உள்நாட்டுக்குள் நீளும் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியின் கரையோரங்களில் பொதுச் சாக்கடை எட்டாத வீடுகள் ஏராளம். அந்த வீடுகளின் கழிவுநீர் அவரவர் தோட்டத்தில் புதைந்திருக்கும் செப்டிக் டேங்க்குக்குப் போய், அங்கிருந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அதே கரையில், வீட்டிலிருந்து சில பத்தடி தூரத்தில், சிப்பியும் மட்டியும் வளர்க்கிறார்கள். ஓதம் வற்றும் வேளையில் குடும்பமாக வந்து பொறுக்கிச் செல்கிறவர்களும் உண்டு. இவ்விரண்டும் அருகருகே நிலைக்க வேண்டுமானால் ஒவ்வொரு தொட்டியும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். அதை உறுதி செய்வதற்காக அங்குள்ள கவுண்டி (மாநிலத்துக்கு உட்பட்ட நிர்வாகப் பிரிவு) நிர்வாகங்கள் கடந்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உருவாக்கி வந்திருக்கும் உள்ளூர்த் திட்டங்களை, தொடக்கம் முதல் இறுதிவரை படிப்படியாக இங்கே விளக்குகிறேன். கரையோரக் குடியிருப்போர் சங்கங்களில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், சியாட்டில் சுற்றுவட்டாரத்தில் செப்டிக் உள்ள வீட்டை வாங்கியிருக்கும் நம்மவர்களுக்கும், வேறு ஊரில் இத்தகைய திட்டத்தைத் தொடங்க எண்ணுகிறவர்களுக்கும் இது பயன்படும்.

தொட்டியிலிருந்து சிப்பிக்கு: மாசு செல்லும் வழி

செப்டிக் டேங்க் கழிவுநீரைச் சுத்திகரிப்பதாகப் பலரும் நினைக்கிறார்கள். தொட்டி பிரித்து வைக்கும் வேலையை மட்டுமே செய்கிறது: கனமானவை அடியில் கசடாகப் படிகின்றன, எண்ணெயும் கொழுப்பும் மேலே படலமாக மிதக்கின்றன, நடுவிலுள்ள கலங்கல் நீர், துளையிட்ட குழாய்கள் மண்ணுக்கடியில் பதிக்கப்பட்ட வடிகால் படுகைக்கு வெளியேறுகிறது. அந்த நீரில் நோய்க்கிருமிகள் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. உண்மையான சுத்திகரிப்பு, அந்தக் குழாய்களுக்கு அடியிலிருக்கும் இரண்டு மூன்று அடி உலர்ந்த மண்ணில்தான் நடக்கிறது. மண்துகள்களின் இடைவெளியில் காற்று இருக்கும்வரை, கிருமிகள் அங்கே சிக்கி மடிகின்றன. குளிர்கால மழையில் நிலத்தடி நீர் மேலேறி அந்த மண் நிறைந்துவிட்டால், அல்லது பல ஆண்டுகள் உறிஞ்சப்படாத கசடு படுகைக்குள் போய் அடைத்துவிட்டால், கழிவுநீர் வடிகட்டப்படாமலே கரைச்சரிவில் கசிந்து கடலைச் சேருகிறது.

அளவைக் கணக்கிட்டுப் பார்த்தால் இதன் தீவிரம் விளங்கும். தொட்டியிலிருந்து வெளியேறும் நீரில் 100 மில்லிலிட்டருக்குப் பத்து லட்சம் என்ற அளவில், மலக் கலப்பைக் காட்டும் ஃபீகல் கோலிஃபார்ம் பாக்டீரியா இருப்பது வழக்கம். சிப்பி வளரும் நீருக்கு அனுமதிக்கப்படும் அளவு 100 மில்லிலிட்டருக்கு 14. ஆகவே ஒரே ஒரு லிட்டர் தொட்டிநீரை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்யச் சுமார் 70,000 லிட்டர் தூய நீர் வேண்டும். மூடிய சிறு குடாக்களில், ஓதம் மெதுவாகவே நீரை மாற்றும் இடங்களில், இரண்டு மூன்று பழுதான வீடுகளே போதும்.

சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் உயிரினம் என்பதால் நீரிலிருப்பதைத் தன் உடலில் திரட்டிக்கொள்கிறது. மனிதக் கழிவிலிருந்து வரும் நோரோ வைரஸ் கலந்த சிப்பியைப் பச்சையாகவோ இலேசாக வேகவைத்தோ உண்பவர் நோயுறுகிறார். இங்கே ஒரு தெளிவு தேவை. கோடையில் சிப்பியில் பெருகும் விப்ரியோ பாக்டீரியாவும், கடலின் நுண்பாசிகளால் வரும் நச்சுகளும் செப்டிக் டேங்க்கால் உண்டாகும் சிக்கல்கள் அல்ல. அவற்றுக்கான எச்சரிக்கைகளும் மூடல்களும் தனி. கூட்டங்களில் இம்மூன்றையும் குழப்பிக்கொள்வதால் வீணாகும் நேரம் அதிகம். முதல் கூட்டத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது.

முதல் படி: நீரின் வகைப்பாட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

1924-25 குளிர்காலத்தில் மாசுபட்ட சிப்பிகளால் நியூயார்க், சிகாகோ, வாஷிங்டன் டி.சி. ஆகிய நகரங்களில் டைபாய்டு பரவியதைத் தொடர்ந்து, அமெரிக்காவில் தேசியச் சிப்பிச் சுகாதாரத் திட்டம் உருவானது. இன்றைய அளவுகோல்கள் அதன் வழிவந்தவை. மாநிலச் சுகாதாரத் துறை ஒவ்வொரு வளர்ப்புப் பகுதியையும் அனுமதிக்கப்பட்டது, நிபந்தனையுடன் அனுமதிக்கப்பட்டது, கட்டுப்படுத்தப்பட்டது, தடைசெய்யப்பட்டது என்பன போன்ற வகைகளில் வைக்கிறது. நிபந்தனையுடன் அனுமதிக்கப்பட்ட பகுதி என்றால், பெரும்பாலும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் மழை பெய்தவுடன் சில நாள்கள் அறுவடை நிறுத்தப்படும் என்று பொருள்.

அனுமதிக்கப்பட்ட பகுதியாக நீடிக்க இரண்டு எண்களைக் காக்க வேண்டும். ஃபீகல் கோலிஃபார்மின் பெருக்குச் சராசரி (மதிப்புகளைக் கூட்டாமல் பெருக்கிக் காணும் சராசரி) 14-ஐத் தாண்டக் கூடாது. மாதிரிகளில் பத்தில் ஒன்பது பங்கு எந்த மதிப்புக்குள் அடங்குமோ அந்த மதிப்பு, அதாவது 90-ஆம் சதமானம், 43-ஐத் தாண்டக் கூடாது. பெரும்பாலான இடங்களில் சராசரி நன்றாகவே இருக்கும். இரண்டாவது எண்தான் பகுதிகளைக் கீழே இறக்குகிறது. எப்போதாவது, மழைக்குப் பின், வரும் உயர்ந்த மதிப்புகளை அது பிடித்துவிடுகிறது.

இன்னொரு செய்தியை மனத்தில் ஆழமாகப் பதித்துக்கொள்ள வேண்டும். கடலில் மாதிரி எடுக்கும் ஒவ்வொரு நிலையத்திலும் கடைசி 30 மாதிரிகளைக் கொண்டே கணக்கிடுகிறார்கள். ஆண்டுக்கு ஆறு மாதிரி எடுக்கும் நிலையத்தில் அது ஐந்தாண்டுப் பதிவு. மோசமான ஒரு மாதிரி ஐந்தாண்டுகள் கணக்கில் நிற்கும். எல்லாப் பழுதுகளையும் இன்றே சரிசெய்தாலும் வகைப்பாடு உயர ஆண்டுகள் ஆகும். எனவே பகுதி மூடப்பட்ட பின் விழித்துக்கொள்வது மிகத் தாமதமான தொடக்கம். மாநிலத் துறை, தரம் சரிந்துவரும் பகுதிகளை ‘அச்சுறுத்தலில் உள்ளவை’ என்று அறிவிக்கிறது. உங்கள் குடாவின் பெயர் அந்தப் பட்டியலில் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிட வேண்டும்.

இரண்டாம் படி: சட்ட அடித்தளமும் எல்லையும்

வாஷிங்டன் மாநிலச் சட்டத் தொகுப்பின் 90.72-ஆம் அத்தியாயம், கவுண்டிகள் சிப்பிப் பாதுகாப்பு மாவட்டங்களை, அதாவது கவுண்டிக்குள் தனி எல்லையும் திட்டமும் கொண்ட பகுதிகளை, அமைக்க அதிகாரம் தருகிறது. பரவலான மூலங்களிலிருந்து வரும் மாசினால் ஒரு பகுதி மூடப்பட்டாலோ தரம் இறக்கப்பட்டாலோ, 180 நாள்களுக்குள் கவுண்டி மாவட்டத்தை அமைத்துத் திட்டத்தை வகுத்தாக வேண்டும். வகுத்த 60 நாள்களுக்குள் செயல்படுத்தத் தொடங்க வேண்டும். தரம் இறங்கும் முன்பே தாமாக முன்வந்து அமைக்கவும் சட்டம் இடமளிக்கிறது. 2006-ஆம் ஆண்டு வந்த இன்னொரு சட்டம், பியூஜெட் சவுண்டை ஒட்டிய 12 கவுண்டிகள் செப்டிக் மேலாண்மைத் திட்டம் எழுத வேண்டும் என்றும், செப்டிக் அமைப்புகள் பாதிப்புக்கு முக்கியக் காரணமாக இருக்கும் இடங்களைக் கடல் மீட்புப் பகுதிகளாகக் குறிக்க வேண்டும் என்றும் பணித்தது.

எல்லையைக் கரையோடு நிறுத்திவிடாதீர்கள். குடாவில் வந்து சேரும் ஓடைகளின் நீர்ப்பிடிப்பு முழுவதும் மாவட்டத்துக்குள் வர வேண்டும். ஸ்காஜிட் கவுண்டியின் சாமிஷ் குடாவில் 2011-இல் சுமார் 4,000 ஏக்கர் தரம் இறக்கப்பட்டது. அங்கே மழைக்குப்பின் ஆறு சுமந்து வரும் மாசுதான் பெரும் சிக்கல். கரையோர வீடுகளை மட்டும் பார்த்திருந்தால் பாதிக்கதைகூடத் தெரிந்திருக்காது.

யார் மேசையைச் சுற்றி உட்கார வேண்டும் என்பதும் இப்போதே முடிவாக வேண்டும்: கவுண்டிச் சுகாதாரத் துறை, சிப்பி வளர்ப்போர், கால்நடை வைத்திருப்போருடன் பேசும் மண்வளப் பாதுகாப்பு மாவட்டம் என்ற உள்ளூர் அமைப்பு, செப்டிக் பராமரிப்புத் தொழிலில் இருப்போர், பூர்வகுடிகள். கடைசியாகச் சொன்னவர்களை மரியாதைக்காக அழைக்கும் விருந்தினராக எண்ணுவது பெரும் பிழை. அமெரிக்க அரசுடன் 1850-களில் செய்துகொண்ட ஒப்பந்தங்கள் அவர்களுக்கு உறுதியளித்த மீன்பிடி உரிமை சிப்பிக்கும் பொருந்தும் என்பதை 1994-இல் நீதிபதி எட்வர்ட் ரஃபீடி அளித்த தீர்ப்பு நிலைநாட்டியது. கடல் மாசுபட்டால் பறிபோவது அவர்களுடைய சட்டபூர்வ உரிமை. 2014-இல் லம்மி என்ற பூர்வகுடி மக்கள் போர்டேஜ் குடாவில் தாமாகவே அறுவடையை நிறுத்தியபோது, பல குடும்பங்கள் அந்த வருமானத்தை இழந்தன.

மூன்றாம் படி: ஆண்டுதோறும் வரும் பணம்

மானியத்தை மட்டுமே நம்பித் தொடங்கும் திட்டம், மானியம் தீர்ந்த ஆண்டில் நின்றுவிடும். சட்டம் மூன்று வழிகளைத் தருகிறது: கவுண்டியின் வரிவருவாய், பரிசோதனைக் கட்டணம், மாவட்டத்திலுள்ள மனைகளுக்கு விதிக்கும் தனிக் கட்டணம். கிட்சாப் கவுண்டி 1990-களின் தொடக்கத்திலேயே மழைநீர் மேலாண்மைக் கட்டணத்திலிருந்து சுகாதாரத் துறையின் மாசு தேடும் பணிக்கு நிலையான பங்கை ஒதுக்கியது. அந்தக் கவுண்டியின் பணி மாநிலம் முழுவதற்கும் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டதற்கு, ஆட்கள் மாறாமல் தொடர்ந்து ஒரே கரையை அறிந்து வேலை செய்ய முடிந்ததுதான் காரணம் என்பது என் உறுதியான கருத்து. தர்ஸ்டன் கவுண்டி, ஹெண்டர்சன் குடாவுக்காக 2001-இல் பாதுகாப்பு மாவட்டம் அமைத்து, பின்னர் அங்குள்ள செப்டிக் வீடுகள் அனைத்தையும் அபாய அளவுப்படி பிரித்து, பரிசோதனையைக் கட்டாயமாக்கி, அதற்கான கட்டணத்தையும் விதித்தது. எதிர்ப்பு எழும், எழட்டும். கட்டணம் எவ்வளவு, எதற்குச் செலவாகிறது என்பதை ஆண்டுதோறும் வரவுசெலவுடன் அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் அனுப்புங்கள்.

நான்காம் படி: மாதிரி எடுத்து இடத்தைக் குறுக்குதல்

மாநிலத் துறையின் மாதிரிகள் கடல்நீரின் நிலையைச் சொல்கின்றன. எந்த வீடு என்று சொல்வதில்லை. அதற்குக் கரையை நடந்தே அளக்க வேண்டும். ஓதம் நன்றாக வற்றும் நேரத்தில், கரைச்சுவரின் அடியில், குழாய் வாய்களில், சரிவில் ஊறும் கசிவுகளில், சிறு ஓடைகளில், நன்னீர் வடியும் ஒவ்வோர் இடத்திலும் மாதிரி எடுத்து, இடத்தை வரைபடத்தில் குறிக்கிறார்கள். பாட்டில் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து நிரப்ப வேண்டும். உடனே பனிக்கட்டியில் வைத்து அன்றே ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும்.

இந்த நடையை மழைக்காலத்தில் ஒருமுறையும் வறண்ட காலத்தில் ஒருமுறையும் செய்யுங்கள். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்து படுகைகள் தோற்கின்றன. கோடையில் விடுமுறை வீடுகள் நிரம்பி, வழக்கத்தைவிடப் பல மடங்கு கழிவுநீர் தொட்டிக்குப் போகிறது. ஒரு பருவத்தில் தூய்மையாகத் தெரிந்த கசிவு மறுபருவத்தில் காட்டிக்கொடுக்கும்.

ஒரு முறை உயர்ந்த எண் வந்தால் எந்த வீட்டுக் கதவையும் தட்டாதீர்கள். மீண்டும் இருமுறையாவது எடுத்து உறுதி செய்யுங்கள். பறவைக் கூட்டமோ, நீர்நாயோ, தெருநாய்ச் சாணமோ ஒரு மாதிரியைக் கெடுத்துவிடும். செறிவை மட்டும் பார்க்காமல் நீரின் ஓட்ட அளவையும் பெருக்கிப் பாருங்கள்: அதிகச் செறிவுள்ள ஒரு சொட்டுக் கசிவைவிட, மிதமான செறிவுள்ள ஓடை கடலுக்கு அதிக மாசைக் கொண்டுவரக்கூடும். ஓடையில் மாசு என்றால், மேலேறிச் சென்று கிளை பிரியும் இடந்தோறும் மாதிரி எடுத்து, மாசு தொடங்கும் இடத்துக்கும் தொடங்காத இடத்துக்கும் நடுவே உள்ள துண்டை நெருக்கிக்கொண்டே போக வேண்டும்.

ஐந்தாம் படி: வீடு வீடாகச் செல்லுதல்

திட்டத்தின் உயிர் இந்தப் படியில் இருக்கிறது. முதலில் அலுவலகத்திலேயே ஒவ்வொரு மனைக்கும் கோப்பைத் தேடுங்கள்: செப்டிக் அமைப்பின் பதிவு வரைபடம் உண்டா, எந்த ஆண்டு பதிக்கப்பட்டது, கடைசியாக எப்போது கசடு உறிஞ்சப்பட்டது? பதிவே இல்லாத வீடுகள் பல இருக்கும். 1950-களில் கோடைக்கால ஓய்வுக் குடிலாகக் கட்டப்பட்டு, பிறகு முழுநேர வீடாக மாறியவை இவற்றில் முக்கியமானவை. ஒரு குடும்பம் ஆண்டுக்குச் சில வாரம் தங்குவதற்காகப் புதைத்த தொட்டியில் இன்று துணி துவைக்கும் இயந்திரமும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் நீரைக் கொட்டுகின்றன.

பிறகு முன்கூட்டியே கடிதம் அனுப்பிவிட்டு நேரில் செல்லுங்கள். வீட்டில் எத்தனை பேர், குளியலறையில் நீர் மெதுவாக வடிகிறதா, தோட்டத்தில் எங்காவது புல் மட்டும் பசுமையாகத் தழைத்து நிற்கிறதா என்று கேட்டபடியே வடிகால் படுகையைச் சுற்றி நடக்க வேண்டும். படுகைக்கு மேல் வாகனம் நிறுத்தியிருப்பது, கூரைநீர்க் குழாயைப் படுகைப்பக்கம் திருப்பியிருப்பது, படுகை மீது கொட்டகை கட்டியிருப்பது ஆகியவை கண்ணாலேயே தெரிந்துவிடும்.

சந்தேகம் வலுத்தால் சாயச் சோதனை. முதலில், செயலூட்டிய கரி நிரப்பிய சிறு வலைப்பைகளை வீட்டின் கீழே கடற்கரையில் ஊறும் கசிவுகளில் கட்டி வைக்கிறார்கள். சாயம் ஊற்றும் முன்பே ஒரு தொகுதிப் பைகளை எடுத்து ஆய்வதால், அங்கே ஏற்கெனவே வேறு நிறமி இருந்ததா என்பது தெரியும். பிறகு ஃப்ளோரெசின் என்ற பச்சைச் சாயத்தைக் கழிப்பறையில் ஊற்றி, போதிய நீர் விடுகிறார்கள். பக்கத்து வீட்டையும் அதேவேளை சோதிக்க வேண்டுமானால் அங்கே ரோடமைன் என்ற சிவப்புச் சாயத்தைப் பயன்படுத்துகிறார்கள். எந்தக் கசிவு யாருடையது என்ற தகராறுக்கு இடமே இராது. கண்ணுக்குத் தெரியாத அளவு சாயத்தையும் கரி பிடித்துவைத்துக்கொள்ளும். நாள்கள் சில கழித்துப் பைகளை எடுத்து, சாயத்தைக் கரைத்துப் பிரிக்கும் திரவத்தில் ஊறவைத்தால் நிறம் வெளிப்படுகிறது. சில கரைகளில் அடுத்த நாளே பச்சை நீர் சுவரின் அடியில் ஒழுகுவதை வீட்டுக்காரரே நின்று பார்க்கிறார். அதற்குமேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. சாயம் தெரிந்த அதே கசிவில் பாக்டீரியாவும் உயர்ந்திருந்தால்தான் அமைப்பு பழுதானது என்று எழுத வேண்டும். சாயம் மட்டும் வந்து பாக்டீரியா இல்லையென்றால் மண் தன் வேலையைச் செய்திருக்கலாம்.

கதவைத் தட்டும் பணியாளரின் பேச்சு முறை இங்கே மிக முக்கியம். தொட்டி பழுதான பெரும்பாலோருக்கு அது பழுதானதே தெரியாது. அவர்களைக் குற்றவாளிகளாக நடத்தினால் அடுத்த பத்து வீடுகளின் கதவும் மூடிவிடும். செப்டிக்கில் பழுதில்லை, மேய்ச்சல் நிலத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தால், அதையும் ஒளிக்காமல் எழுதி மண்வளப் பாதுகாப்பு மாவட்டத்திடம் ஒப்படையுங்கள்.

ஆறாம் படி: சீர்செய்தல், அதற்கான கடன்

மாதிரி எடுப்பதால் கடல் தூய்மையாகாது. கண்டுபிடித்த பழுதுகளில் எத்தனை சரிசெய்யப்பட்டன என்ற ஒரே எண்ணைக் கொண்டே திட்டத்தை மதிப்பிட வேண்டும்.

சில பழுதுகள் எளியவை: உடைந்த குழாய், நிறைந்த தொட்டி, தவறாகத் திருப்பிய மழைநீர். ஆனால் கரையோரச் சிறு மனையில் புதிய அமைப்பு என்றால் பல்லாயிரம் டாலர் ஆகும். கடலிலிருந்து படுகைக்கு 100 அடி இடைவெளி விட இடமிராது. மண்ணில் போதிய ஆழம் இராது. ஆகவே கூடுதல் சுத்திகரிப்பு அலகும் பம்பும் தேவைப்படும். ஓய்வூதியத்தில் வாழும் முதியவரிடம் உத்தரவுக் கடிதத்தை மட்டும் நீட்டினால் எதுவும் நடக்காது. இதற்காகவே கிராஃப்ட்3 என்ற லாபநோக்கற்ற கடன் நிறுவனம், மாநிலச் சூழலியல் துறை, சுகாதாரத் துறை, கவுண்டிகள் ஆகியவற்றுடன் சேர்ந்து செப்டிக் கடன் வழங்கி வருகிறது. வருமானத்துக்கேற்ப வட்டி மாறும். மிகக் குறைந்த வருமானம் உடையவர் தவணையைத் தள்ளிவைக்கவும் வழியுண்டு. உங்கள் ஊரில் இப்படி ஒரு கடன் வசதி ஏற்பாடாகும் முன் வீட்டுச் சோதனையைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். பணியாளர் கையில் பழுதுச் சான்றும் கடன் விண்ணப்பமும் ஒரே உறையில் இருக்க வேண்டும்.

சட்ட நடவடிக்கை கடைசியில் வருவது. ஆனால் வர வேண்டிய இடத்தில் வரத்தான் வேண்டும். கால அவகாசத்துடன் கடிதம், பிறகு உத்தரவு, பிறகு அபராதம் என்ற வரிசையை எழுதி வைத்து எல்லோருக்கும் ஒரேபோல் கடைப்பிடியுங்கள். செல்வாக்குள்ள ஒருவரின் வீடு விட்டுவைக்கப்பட்டது என்ற பேச்சு கிளம்பினால் திட்டத்தின் மீதான நம்பிக்கை அத்துடன் போய்விடும்.

ஏழாம் படி: பராமரிப்பைக் கடமையாக்குதல்

மாநில விதிப்படி, புவியீர்ப்பில் இயங்கும் எளிய செப்டிக் அமைப்பை மூன்றாண்டுக்கு ஒருமுறையும், பம்போ சுத்திகரிப்பு அலகோ உள்ள மற்றவற்றை ஆண்டுக்கு ஒருமுறையும் பரிசோதிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. விதி இருந்தால் மட்டும் போதாது. நினைவூட்டல் கடிதம், பரிசோதனை அறிக்கை வந்ததா என்று காட்டும் தரவுத்தளம், வராதவர்களைத் தொடர்ந்து கேட்கும் ஒரு பணியாளர் ஆகிய மூன்றும் வேண்டும்.

பரிசோதனையின்போது அடிக்கசடும் மேற்படலமும் சேர்ந்து தொட்டியின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கை எட்டியிருந்தால் உறிஞ்சும் லாரியை வரவழைக்க வேண்டும். கொழுப்பு, ஈரத்துடைப்பான் தாள், பூனைக் கழிவுக்கான மணல் ஆகியவற்றைக் கழிப்பறையில் போடக் கூடாது. துணி துவைப்பதை ஒரே நாளில் குவிக்காமல் வாரம் முழுவதும் பரப்ப வேண்டும். வெளியேறும் வாயிலுள்ள வடிகட்டியைக் கழுவ வேண்டும். நம் வீட்டுச் சமையலில் எண்ணெய் அதிகம் என்பதால், மீந்த எண்ணெயைத் தொட்டியில் சேராமல் தனியே கொட்டி அப்புறப்படுத்துவது மிகவும் அவசியம். செப்டிக்கில் ஊற்றச் சொல்லி விற்கப்படும் நுண்ணுயிர்ப் பொடிகள் தேவையற்றவை. அந்தப் பணத்தைக் கசடு உறிஞ்சுவதற்குச் சேமியுங்கள்.

எட்டாம் படி: மீட்பும் அதன் பிறகும்

சரிசெய்த இடத்தில் அடுத்த மழைக்காலத்தில் மீண்டும் மாதிரி எடுத்துப் பழுது திரும்பவில்லை என்று உறுதி செய்யுங்கள். அந்தத் தரவுகளை மாநிலத் துறையிடம் கொடுத்து, கடல் நிலையங்களில் மாதிரி எடுக்கும் எண்ணிக்கையைக் கூட்டுமாறு கேளுங்கள். மாதந்தோறும் எடுத்தால் 30 மாதிரிகள் இரண்டரை ஆண்டில் சேர்ந்துவிடும், பழைய மோசமான எண்கள் விரைவில் கணக்கிலிருந்து விலகும்.

இது நடக்கக்கூடியதா என்ற ஐயம் கூட்டந்தோறும் எழும். கிட்சாப்பின் டைஸ் குடாவின் வடபகுதியில் 2003-இல் சுமார் 1,500 ஏக்கர் வணிக அறுவடைக்குத் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய நாற்பது ஆண்டுகள் அது மூடிக்கிடந்தது. கனடா எல்லையை ஒட்டிய டிரேட்டன் துறைமுகக் குடாவில் 1995-இல் பாதுகாப்பு மாவட்டம் அமைந்தது. அதன் பிறகும் நிலைமை மோசமாகி 1999-இல் அறுவடை நின்றது. ஊர் மக்கள் தன்னார்வலர்களாகச் சேர்ந்து 2001-இல் ஒரு சமூகச் சிப்பிப் பண்ணையைத் தொடங்கினார்கள். செப்டிக், பண்ணை, நகரக் கழிவுநீர் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்யப்பட்டு, 2016 டிசம்பரில் 810 ஏக்கர் ஆண்டு முழுவதும் அறுவடை செய்யத்தக்கதாக உயர்த்தப்பட்டது. இருபத்தோரு ஆண்டு வேலை அது. உங்கள் குடாவுக்கும் திட்டமிடும்போது இரண்டாண்டு மானியக் கணக்கில் திட்டமிடாமல், பதினைந்து இருபது ஆண்டுக்கான ஆட்களையும் பணத்தையும் கணக்கிடுங்கள்.

திறந்த பின்னரும் கரை நடையை நிறுத்தக் கூடாது. வீடுகள் கைமாறுகின்றன, புதிதாக வருகிறவருக்குத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதே தெரிவதில்லை. திருத்தப்பட்ட மாநில விதிகள், 2027 முதல் வீடு விற்கப்படும்போது செப்டிக் பரிசோதனையைக் கட்டாயமாக்குகின்றன. பல கவுண்டிகளில் இந்த நடைமுறை ஏற்கெனவே உண்டு. உங்கள் கவுண்டியில் வீடு வாங்குகிறவர்கள், பத்திரம் முடிக்கும் முன்பே பரிசோதனை அறிக்கை, பதிவு வரைபடம், கசடு உறிஞ்சிய ரசீதுகள் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கும்படி வீட்டுத் தரகர்களுக்கு ஆண்டுக்கொரு முறை வகுப்பு எடுங்கள். அந்த வகுப்பில் மண்வெட்டியோடு தோட்டத்துக்கே அழைத்துச் சென்று ஒரு தொட்டியின் மூடியைத் திறந்து காட்டுங்கள்.